பந்தலில் கட்டிய திராட்சை

என் வீட்டுக்காரர் நாசிக் பக்கத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த அன்று, அவருடைய துணிமணியெல்லாம் ஒரே பையில் அடங்கியிருந்தது. கூடவே இரண்டு மூட்டைகள், இரண்டிலும் ஈரச் சாக்கில் சுற்றிய வேர்க்குச்சிகள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நானும் அப்பாவும் காத்துக்கொண்டிருந்தோம். இறங்கியவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் சாக்கைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு வருத்தமாக இல்லை. பல மாதங்களாக போனில் அதைப் பற்றியே பேசியிருந்தார். வரப்போவது அவர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வயசுப் பையனாக இருந்தபோதே ஊர்க்காரர் ஒருவரோடு திராட்சை வேலைக்கு அங்கே போனவர் அவர். ஒரு ஒயின் கம்பெனியின் தோட்டத்தில் முதலில் கூலி, பிறகு கவாத்து வெட்டும் ஆள். கடைசியில் பழத்தை நசுக்கிப் பீப்பாயில் ஏற்றும் கூடம் வரைக்கும் போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வருவார், ஈஸ்டருக்கு முடிந்தால் வருவார். நான் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்தேன். இப்போதும் அங்கேதான். பெரிய முதலியார்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால், விருந்தாளிகளுக்குக் காலைச் சாப்பாடு, பிறகு அறைகள், பிறகு சாயங்கால பஸ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நிலம் அப்பா எனக்குக் கொடுத்தது. அப்பா வாழ்க்கை முழுக்க உப்பளத்தில் கூலியாக இருந்து மேஸ்திரி ஆனவர். கால் வெடிப்பில் உப்பு ஏறி ஏறிப் பாதமே மரத்துப்போனவர். உப்பைக் காலில் மிதிக்காத ஒரு இடம் சொந்தமாக வேண்டும் என்று அந்த நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கினார். வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, போடுவார், கோடையில் தர்பூசணி. கிழக்கு வரப்பில் ஏறி நின்றால் உப்பளம் வெள்ளையாகத் தெரியும். அப்பா அந்த வரப்புப் பக்கம் அதிகம் போகமாட்டார்.

திராட்சை வைக்கப்போகிறோம் என்று சொன்னபோது ஊரில் எல்லாரும் கேட்டதை அப்பாவும் கேட்டார். உப்புக்குப் பக்கத்தில் திராட்சை எப்படி வரும்? என் வீட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார். கொண்டுவந்திருப்பது பழக்கொடி இல்லை, காட்டுத் திராட்சையின் வேர். உப்புத்தண்ணியைக் கொஞ்சம் தாங்கும். அதை முதலில் வேர்பிடிக்க விட்டு, பிறகு அதன் மேல் நல்ல பழக்கொடியை ஒட்டுக் கட்டவேண்டும். அங்கே வறண்ட பூமியிலெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். நம் போர் தண்ணி இப்போது நன்றாகத்தானே இருக்கிறது?

அப்பா கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "காய்க்குமா மாப்ளே?"

"காய்க்கும் மாமா."

கல்தூண் நட, கம்பி இழுக்க, குழி வெட்ட, எல்லாவற்றுக்கும் அப்பா கூட நின்றார். முழங்கால் வலியோடு நின்றார்.

திராட்சைமேல் என் வீட்டுக்காரருக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று அந்த நாட்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்வார். கவாத்து வெட்டிய கொடி செத்த குச்சி மாதிரி நிற்கும், பத்துப் பதினைந்து நாளில் கணுவுக்குக் கணு கண் திறக்கும், அதைப் பார்த்துப் பழகிவிட்டால் வேறு பயிர் பிடிக்காது என்பார். இன்னொரு நாள், நசுக்கிய பழம் தானாகக் கொதிக்கத் தொடங்கும்போது பீப்பாயில் காதை வைத்தால் மழை பெய்கிற சத்தம் கேட்கும் என்பார். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பற்றித்தான்.

"கார்ல இருந்து எறங்கும்போது கத்திக்கிட்டேதான் எறங்குவாங்க. கொடிங்க நடுவுல கொஞ்ச தூரம் நடந்தா போதும், கொரலு தானா கொறஞ்சிடும். ஏன்னு எனக்கு இன்னிக்கும் தெரியல. நம்ம ஊர்லயும் அப்படி ஒரு எடம் இருக்கணும்."

வேர் பிடித்தது. மறுவருஷம் கம்பம் பக்கம் போய்ப் பன்னீர் திராட்சைக் குச்சிகளை வாங்கிவந்து ஒட்டுக் கட்டினார். கட்டியதில் பாதிக்கு மேல் பிழைத்தது. அதற்கே அவர் ரொம்ப நாள் சந்தோஷமாக இருந்தார். கொடி தூணேறிக் கம்பியைப் பிடித்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். வாரா வாரம் கோயிலில் பைபிள் வாசகத்தில் திராட்சைக் கொடியைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனால் யாரும் செடியைப் பார்த்ததில்லை. இலையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி கொடியின் சுருண்ட பற்றுக்கம்பியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு, "இதுதானா அது" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு ஏமாற்றமா மகிழ்ச்சியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் காய்ப்பில் அதிகம் விடக்கூடாது, கொடி களைத்துவிடும் என்று பூவிலேயே நிறைய கிள்ளிப் போட்டுவிட்டார். மிச்சம் விட்டது கறுத்துப் பழுத்தபோது, முதல் கொத்தை அறுத்து அப்பாவிடம் கொண்டுபோனார். அப்பா ஒரு பழத்தை வாயில் போட்டு, விதையை உள்ளங்கையில் துப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். கொத்து முழுவதையும் எங்கள் முன்னாலேயே, யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல் தின்று முடித்தார். அதற்குப் பிறகு அவர் அவ்வளவு ஆசையாக எதையும் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

விருந்தாளிகள் என் வழியாகத்தான் வந்தார்கள். விடுதியில் குளிர்காலந்தோறும் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருந்தார். காலைத் தட்டில் எங்கள் பழத்தை வைத்தபோது, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். அவர் பிறந்த வீட்டில் திராட்சைத் தோட்டம் இருந்ததாம், ஒயின் போட்டு விற்ற குடும்பமாம். ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொடியின் அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நாற்காலி கேட்டு, உப்பளத்துக்கு முதுகைக் காட்டிப் பந்தலுக்குள் உட்கார்ந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறையாவது வந்து அப்படி உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவர்கள் எடுத்த போட்டோவைப் பார்த்துப் பாண்டிச்சேரியிலிருந்து வந்தார்கள், பிறகு சென்னையிலிருந்தும். யாரோ போன் மேப்பில் எங்கள் தோட்டத்தைப் போட்டுவிட்டார்கள். சனி, ஞாயிறு ஆனால் ஈசிஆர் ரோட்டிலிருந்து எங்கள் மண்பாதையில் கார்கள் இறங்கும். சிலர் பழத்துக்காக வந்தார்கள். பலர் நிழலுக்காக வந்தார்கள். இலைக்கு ஊடே விழும் வெளிச்சத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். கொடிகளுக்கு நடுவே வந்ததும் குரலைக் குறைத்துக்கொண்டார்கள். நான் திராட்சைச் சாறு பிழிந்து கொடுப்பேன், அவர் ஒட்டுக் கட்டுவது எப்படி என்று காட்டுவார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பேசி அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கென்று ஒரு ஜாடியில் ஒயின் போட்டார். கிறிஸ்துமஸ் அன்று பங்குச் சாமியார் வந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த மண்ணில் விளைந்த திராட்சை ரசத்தை இங்கேயே பூசையில் வைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவருக்கு அது பிடித்துக்கொண்டது. முறையாக அனுமதி வாங்கிச் சின்ன அளவில் செய்யவேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். ஒரு இடத்தில் சிரித்தார்கள். ஒரு இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இது பெரிய கம்பெனி செய்யும் வேலை, உங்களை மாதிரி ஆட்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள் என்று நல்லவிதமாகச் சொன்னார்கள். நல்லவிதமாகச் சொன்னதுதான் அவரை உட்காரவைத்துவிட்டது. சிரித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அலைந்திருப்பார்.

சரி, வீட்டு ஜாடியாவது இருக்கட்டும் என்று அடுத்த காய்ப்பிலும் போட்டார். அதைத் திறந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியானம். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தார், வாயில் வைத்துச் சுழற்றினார், முழுங்கினார். மறுபடியும் ஊற்றிக் குடித்தார். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"குடிச்சிப் பாரு."

குடித்தேன். போன வருஷம் போலவேதான் எனக்கு இருந்தது. நல்லாத்தானே இருக்குதுங்க என்றேன்.

"உப்பு இருக்குது."

எனக்குத் தெரியவில்லை என்றேன். இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, கொத்தும் நன்றாகத்தானே வந்தது என்றேன். அவர் ஜாடியை மூடிவைத்துவிட்டுப் போர்க் குழாயைத் திறந்து தண்ணியைக் கையில் பிடித்துக் குடித்தார்.

தெற்குப் பக்கத்து நிலம் அதற்கு முந்தின வருஷம்தான் இறால் குட்டையாகியிருந்தது. அந்த நிலத்துக்காரர் எங்களுக்கு ஆகாதவர் இல்லை. சவுக்கு போட்டு ஒன்றும் மிஞ்சவில்லை, இறால்காரர்கள் குத்தகைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. குட்டையில் கழிமுகத்துத் தண்ணியை ஏற்றி ஏற்றி நிறுத்தினார்கள். அது கீழே இறங்கியதா, மழை குறைந்ததால் கடல் ஏறி வந்ததா, எல்லாரும் எல்லா நேரமும் மோட்டர் போட்டதாலா என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் போர் தண்ணியில் சோப்பு நுரைப்பது குறைந்தது. பிறகு நுரைப்பதே இல்லை.

இலை ஓரம் கருகத் தொடங்கியது. முதலில் கிழக்கு வரிசையில், அடியிலையில், யாரோ நெருப்பு வைத்து அணைத்தது மாதிரி விளிம்பில் மட்டும். அவர் அந்த இலைகளைக் கிள்ளிக் கிள்ளி மண்ணில் புதைத்தார், விருந்தாளிகள் கண்ணில் படாமல். போரை இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணி வரும் என்று யாரோ சொன்னார்கள். இறக்கினோம். வந்தது வாயில் வைக்க முடியாத தண்ணி. மண்ணில் உப்பை இறக்க ஜிப்சம் போட்டார். மழைத்தண்ணி பிடிக்கக் குட்டை வெட்டினார். டேங்கர் தண்ணி வாங்கிக் கொடிக்குக் கொடியாகக் குடத்தில் ஊற்றினோம். நான் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வரிசை, திரும்பி வந்து ஒரு வரிசை. காட்டுவேர் தாங்கும் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் பாட்டி வந்தார். நாற்காலி போடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த கொடிக்குப் போனார், அதற்கு அடுத்ததற்கும். பிறகு என்னிடம் வந்து ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார். விடுதியில் என்னைப் பார்த்தால் முன்பு போலவே சிரிப்பார், பேசுவார். தோட்டத்தைப் பற்றி மட்டும் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அப்புறம் புயல். காற்று கம்பியை அறுத்ததைப் பெரிதாகச் சொல்லமாட்டேன், அதைக் கட்டிவிடலாம். கழுவெளி ஏரிப் பக்கத்திலிருந்தும் உப்பளத்துப் பக்கத்திலிருந்தும் தண்ணி ஏறி ஒன்றாகி எங்கள் நிலத்தில் நின்றதுதான் விஷயம். வடிய வழியில்லாமல் நின்றது. கல்தூண்கள் தண்ணிக்குள் நிற்க, மேலே பந்தல் மட்டும் தெரிந்தது. வடிந்த பிறகு பெய்த மழை மேல்மண்ணின் உப்பைக் கொஞ்சம் கழுவியது. அதைப் பார்த்துவிட்டு அவர் மறுபடியும் கவாத்து வெட்டினார். கண் திறந்தது. இரண்டு மூன்று இலை விட்டது. அந்தச் சில நாட்கள் அவர் சத்தமாகப் பாட்டுக்கூடப் பாடினார். பிறகு வெயில் ஏற ஏற மண்மேல் வெள்ளை பூத்தது. அப்பா குனிந்து அதைத் தொட்டு நாக்கில் வைக்கவில்லை. பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

அந்தப் பருவத்துக்கு வருகிறோம் என்று சிலர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். மேற்கு ஓரத்துக் கொடிகளில் மட்டும் இலை இருந்தது. அதைப் பார்த்தால் தோட்டம் இருக்கிறது என்றே தோன்றும். பழம்தான் இல்லை. பாண்டிச்சேரி மார்க்கெட்டில் கம்பத்துப் பன்னீர் திராட்சை கூடை கூடையாக வந்திறங்குகிறது. இதே ஜாதி, இதே நிறம். அதை வாங்கிக் கொடியில் கட்டலாம் என்று யோசனை சொன்னது நான்தான். நாம் யாருக்கும் விற்கப்போவதில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவர் மாட்டேன் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் போய்ப் பச்சை நூல்கண்டு வாங்கி வந்தார்.

காலையில் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினோம். நான் கட்டியது பொம்மை மாதிரி தொங்கியது. அவர் கணுவைப் பார்த்து, உண்மையில் எங்கே காய்த்திருக்குமோ அங்கேயே வைத்து, காம்பை இலைக்குள் மறைத்துக் கட்டினார். கட்டி முடித்துக் கீழே இறங்கி நின்று இரண்டு பேரும் மேலே பார்த்தோம். அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு அழகாக இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வந்தவர்கள் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் கட்டினோம்.

அந்த வாரம் வந்தது சென்னையிலிருந்து ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் போட்டோவுக்காக. கூடவே கேமராக்காரர், விளக்குப் பிடிக்க ஒருவர். பெண் நல்ல மாதிரி. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பந்தலுக்குள் போனாள், யாரும் சொல்லாமலே. பையன் அவளுக்கு ஒரு பழம் பறித்து ஊட்டுவது மாதிரி எடுக்கலாம் என்றார் கேமராக்காரர். அவன் கையை உயர்த்தி ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். பழம் வரவில்லை, கொத்தே நூலோடு அவன் கையில் வந்துவிட்டது.

பெண் நூலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாறு டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். கோபமாக வருகிறாரோ என்று எனக்குப் பயம். அவர்கள் முன்னால் வந்து நின்று, வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"இது எங்க தோட்டத்துப் பழம் இல்லீங்க. மார்க்கெட்ல வாங்கிக் கட்டினது. இந்த வருஷம் எங்க கொடி காய்க்கல. மண்ணுல உப்பு ஏறிடுச்சி. இனிமே காய்க்காது."

இனிமேல் காய்க்காது என்று அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்குக்கூடச் சொல்லாததை முகம் தெரியாதவர்களிடம் சொன்னார். அவர்கள் கோபப்படுவார்கள், திட்டிவிட்டுக் கிளம்புவார்கள் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கேமராக்காரர் தலைக்கு மேலே பார்த்துவிட்டுச் சொன்னார். "பரவால்லண்ணா. போட்டோல தெரியாது."

பையனும் ஆமாம் ஆமாம் என்றான். பெண் மட்டும் சங்கடமாகச் சிரித்தாள். அவரைச் சமாதானம் செய்ய நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். கட்டியிருப்பது ரொம்ப நன்றாக இருக்கிறது, நிஜம் மாதிரியே இருக்கிறது என்றாள். பிறகு அந்தக் கொத்தை நூலோடு அவரிடம் நீட்டி, "இத இன்னும் கொஞ்சம் கீழ கட்டித் தர்றீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

அவர் வாங்கிக்கொண்டார். ஸ்டூலைப் போட்டு ஏறி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிக் கொடுத்தார். முடிச்சை இலைக்குள் மறைத்து, முன்பு போலவே கவனமாக. கட்டிவிட்டு இறங்கி, போட்டோ எடுத்து முடியும் வரைக்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, வருகிறேன் என்று சொல்லியிருக்கும் மற்றவர்களுக்கு போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். சொன்னேன். ஒரு அம்மா, பழம் இல்லாவிட்டால் என்ன, பந்தல் இருக்கிறதே, நாங்கள் பந்தலுக்குத்தானே வருகிறோம் என்றார். நான் பந்தலையும் பிரித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டேன். அப்போது பிரித்திருக்கவில்லை.

பிரிப்பதற்குச் சில மாதங்கள் ஆயின. அவரால் முடியாமல் கிடந்தது. இலை இருந்த கொடிகளும் காய்ந்தன. ஒருநாள் அப்பாதான் வந்து, தூணாவது யாருக்காவது ஆகட்டும் மாப்ளே என்றார். ஆள் வைத்துக் கம்பியை அறுத்துச் சுருட்டினார்கள். கொடிகளை அவரே வெட்டினார். ஒரே ஒரு கொடியை மட்டும் வேரோடு தோண்டிப் பார்த்தார். வேர் நேராக ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போய், ஓர் இடத்தில் அப்படியே மடங்கிப் பக்கவாட்டில் போயிருந்தது. அங்கேயும் போக வழி கிடைக்காமல் மேலே திரும்பியிருந்தது. நுனியெல்லாம் கறுப்பு. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார். எப்படியெல்லாம் பார்த்திருக்குது பாரு என்றார். கொண்டுவந்தது தப்பு, அங்கேயே விட்டிருக்கலாம் என்று அந்த வேரைப் பார்த்துத்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

நிலத்தை உப்பளக்காரர் குத்தகைக்குக் கேட்டார். வேறு எதற்கும் அது ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் என்னுடையது என்பதால் சரி என்று சொல்லவேண்டியது நான். அப்பாவிடம் கேட்டேன். அவர் உன் நிலம், உன் இஷ்டம் என்றார். சரி என்று சொன்னேன். சமன் செய்து, வரப்பு போட்டு, பாத்தி பிரித்தார்கள். பாத்தியின் தரையைத் தண்ணி விட்டு மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் உப்பு மண்ணோடு கலந்துவிடும். மிதிப்பதற்கு ஆட்கள் இறங்கியபோது அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வேலைக்கு இல்லை, கூலிக்கும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு ஒரு சுற்று நடந்தார். எங்கே பள்ளம் இருக்கிறது என்று ஆட்களுக்குக் காட்டினார். ஏறி வந்து குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

நாசிக் கம்பெனியிலிருந்து அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பழகிய கை, சம்பளம் கூட்டித் தருகிறோம் என்றார்கள். போங்களேன் என்று நானும் சொன்னேன். வீட்டில் அப்படி ஒரு மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைவிடத் தூரத்தில் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும் என்று எனக்கு.

"அங்க கொடி நல்லா இருக்கும்" என்றார். "அத டெய்லி பாக்கணுமே."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது ஈசிஆர் ரோட்டு ஓரத்தில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை செய்கிறார். புல் வெட்டுவது, குரோட்டன்ஸுக்குத் தண்ணி விடுவது. யூனிஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். வேலையைப் பற்றிக் கேட்டால், நல்லாத்தான் போவுது என்பார். அங்கே விருந்தாளிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று நானும் கேட்பதில்லை.

போன் மேப்பில் எங்கள் தோட்டம் இன்னும் இருக்கிறது. விடுதியில் ஒரு பையன் அதை எடுத்துவிடப் பார்த்தான். முடியவில்லையாம். பந்தலும் பழமுமாக யார் யாரோ போட்ட போட்டோக்கள் அதில் அப்படியே கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் யாராவது வருகிறார்கள். போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், நடுத்தர வயது. மண்பாதையின் முடிவில் காரை நிறுத்திவிட்டு போனையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய், இப்போது தோட்டம் இல்லை என்று சொன்னேன். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று தண்ணி கொடுத்தேன். அந்த அம்மா ரொம்ப ஆசையாக வந்ததாகச் சொன்னார். பிறகு கேட்டார், நன்றாக இருந்ததா என்று.

இருந்துச்சிங்க என்றேன்.

அவர்கள் உடனே கிளம்பவில்லை. வந்ததற்கு இதையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று, வாரிக் குவித்திருந்த உப்புக்கு முன்னால் ஒருவரையொருவர் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வெயில் பட்ட உப்பில் கண் கூசியது. அந்த அம்மா கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் உள்ளே வந்தபோது என் வீட்டுக்காரர் யார் வந்தது என்று கேட்டார். வழி கேட்டு வந்தவங்க என்றேன். தண்ணி குடுத்தியா என்றார். குடுத்தேன் என்றேன். அவர் துவைத்துப் போட்ட யூனிஃபார்மை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் மறுநாள் விடுதிக்குக் கொண்டுபோகவேண்டிய சாமான்களைப் பையில் எடுத்துவைத்தேன்.